வைரம் பாய்ந்த மரமும் வாவிக்கரைப் பூதங்களும்

மட்டக்களப்பின் பழமைக்குச் சான்று கேட்டால் ஏட்டுச்சுவடியைக் காட்டுவார்கள். செப்பேட்டைச் சொல்வார்கள். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கட்டிய கோட்டைக்குக் கூட்டிப்போவார்கள். பத்தே ஆண்டில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்த கதையையும் சொல்வார்கள். மரத்தை யாரும் காட்டுவதில்லை. கல்லும் செம்பும் ஓலையும் வரலாறு; மரம் மட்டும் தளபாடம். சித்திரபாடம் படிப்பித்து ஓய்வு பெற்ற எனக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் சரியாகப் பட்டதில்லை. இந்த வாவிக்கரையில் மனிதக் கை ஆகக் கூடுதலாக வேலை செய்த பொருள் மரம். கோயில் தேர், வாகனம், சப்பறம், கொம்பு, கூத்து முடி, தோணி, செக்கு, உரல் எல்லாமே மரம்தான்.

வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. சூரியன் படும் பக்கம் வயலும் காடும், எழும் பக்கம் கடலும் தென்னையும். படுவான்கரையின் பெரிய கோயிலான கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரின் கதையே ஒரு மரத்தில்தான் தொடங்குகிறது. காடு வெட்டிய வேடன் ஒருவனின் கோடரி கொக்கட்டி மரத்தில் பட, அடியில் இரத்தம் கசிந்தது, அங்கே இலிங்கம் இருந்தது என்று சொல்வார்கள். போர்த்துக்கேயத் தளபதி முன் கல் நந்தி எழுந்து புல்லுத் தின்ற கதையைத்தான் எல்லோரும் விரும்பிச் சொல்கிறார்கள். எனக்கு முதல் கதைதான் பெரிது. மரத்தை வெட்டுவதற்கு முன் யோசிக்க வேண்டும் என்று ஒரு சமூகம் தன் முதற்கோயிலின் வாசலிலேயே சொல்லி வைத்திருக்கிறது.

என் அம்மாவின் மூத்த அண்ணன் தச்சு வேலைக்காரர். ஊரில் ஆசாரியார் என்றுதான் கூப்பிடுவார்கள். கதவு, நிலை, ஏர் என்று வயிற்றுக்கு வேலை செய்தவர். தேர்வேலை, வாகனவேலை வந்தால் மற்றதையெல்லாம் போட்டுவிட்டுப் போய்விடுவார். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் தேர் ஆசாரிமாருக்குக் கீழே நின்று அந்த வேலையைப் பழகினார். மரங்களைப் பற்றி நான் அறிந்ததில் பெரும்பங்கு அவர் சொன்னதும், அவர் சொன்னதைச் சரிபார்க்கப் பின்னால் நான் படித்ததும்.

தோளில் சுமப்பது எது, மண்ணில் உருளுவது எது என்று பார்த்துத்தான் அவர் மரம் தேர்வார். வாகனங்கள் தோளில் ஏறுபவை. மயிலோ குதிரையோ இடபமோ, அதற்கு வேம்பு, பலா போதும். உளிக்கு இணங்கும், பாரமும் குறைவு. தேரின் அச்சும் சில்லும் அடித்தட்டும் வேறு. அங்கே முதிரையும் பாலையும் வேண்டும். பாலை தண்ணீரில் போட்டால் தாழும் மரம். அதன் பழத்தை ஆனி, ஆடியில் மட்டக்களப்புச் சந்தையில் வாங்கித் தின்னாத பிள்ளை இல்லை. அந்த மரத்தில் உளி இறக்கிப் பார்த்தவர்கள்தான் குறைவு. முதிரை பொன்மஞ்சள், வெட்டினால் பட்டுப்போல மின்னும். கண்டிக்குப் பக்கத்தில் பேராதனையில் மகாவலிக்கு மேலே 1830களில் வெள்ளைக்காரர் போட்ட பழைய பாலம் முழுக்க முதிரை. 205 அடி நீளமான ஒரே வளைவு, நடுவில் தூண் இல்லை. 1905இல்தான் அதைக் கழற்றினார்கள். மலைநாட்டு மழையில் எழுபது ஆண்டு நின்றது.

முதிரைக்கு ஒரு குணம் இருக்கிறது, புத்தகத்தில் படிக்கும் முன்பே என் தோல் அதை அறிந்தது. அதன் தூள் பட்டால் சொறி எடுக்கும். முழங்கை மடிப்பும் கழுத்தும் சிவந்து தடிக்கும். மாமா வேலைக்கு முன் கையில் தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வார், வேலை முடிந்ததும் வாவியில் இறங்கிக் கழுத்தளவு நிற்பார். இங்கிலாந்தின் கப்பல் தளங்களில் முதிரை அரிந்தவர்களுக்கும் இதே சொறி வந்ததை வைத்தியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்த மரங்கள் ஆசாரிமாருக்கு எட்டாமற் போனது ஒரே நாளில் நடந்ததல்ல. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் அரசுக்கு எடுத்துக்கொண்டது. படுவான்கரைக் காட்டுக்கு எவரிடம் உறுதி இருந்தது? கோயிலுக்கென்று மரம் தறிக்க ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினால் போதும் என்றிருந்த வழக்கம் அத்தோடு ஆட்டங்கண்டது. கருங்காலியும் முதிரையும் கப்பலேறின. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனச்சட்டம் வந்தபின் தறிப்பதற்கும் ஏற்றுவதற்கும் அனுமதி என்றாயிற்று. திருத்தங்களோடு அந்தச் சட்டம் இன்றும் நடக்கிறது. பிறகு 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்தார்கள்; சேனநாயக்க சமுத்திரத்துக்குள் காடு மூழ்கியது, மூழ்காத காடு குடியேற்றத்துக்கு வெளியாயிற்று. தெற்குப் பக்கத்திலிருந்து வந்த வைரமரம் அதோடு அருகிப்போனது. அந்த இடத்துக்குத் தேக்கு வந்தது. தேக்கு நல்ல மரம், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது இந்தத் தீவின் காட்டு மரமல்ல, நட்டு வளர்த்த மரம். இன்று எங்கள் கோயில்களில் 'பாரம்பரியத் தேர்' என்று சொல்லும் பலவற்றில் இருப்பது அந்தத் தேக்குத்தான்.

இனி பூதத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

தேரில் சாமி இருக்கும் ஆசனத்துக்குக் கீழே தட்டுத் தட்டாகப் பலகைகள் இறங்கும். அடியில் வரும் தட்டுக்குப் பூதப்பார் என்று பெயர். அங்கே வரிசையாகக் குள்ளப் பூதங்கள் குந்தியிருக்கும்; முழங்கால் மடிந்து, வயிறு தள்ளி, கண் பிதுங்கி, சில வாய் பிளந்து, சில நாக்கு நீட்டி. சில பூதங்கள் இரண்டு கையாலும் மேல்தட்டைத் தாங்கும், சில கையை வயிற்றில் வைத்திருக்கும். தேர் பார்க்க வருகிறவர்கள் மேலே பார்ப்பார்கள், பூதத்தைப் பார்ப்பவர்கள் பிள்ளைகள் மட்டும்தான், அவர்கள் உயரத்துக்கு அதுதானே தெரியும்.

1978 கார்த்திகை 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது. தென்னை முறிந்தது, கூரை பறந்தது, நிழல் தந்த மரமெல்லாம் வேரோடு சரிந்தது. அதற்குப் பிறகு பழுதான ஒரு தேரைத் திருத்தும் வேலை மாமாவிடம் வந்தது. முன்னரே வாங்கி வைத்திருந்த முதிரைக் குற்றியைத்தான் அவர் பூதத்துக்கு எடுத்தார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன். பள்ளிக்கூடத்துக்கும் கூரை இல்லை, ஆகவே பகல் முழுக்க அவர் பட்டறையில்தான்.

குற்றியின் இரண்டு வெட்டுவாயிலும் காய்ந்த சாணி அப்பியிருந்தது. மரம் வெட்டுவாய் வழியாகத்தான் வேகமாகக் காயும், அங்கே அடைத்துவிட்டால் மெல்லக் காயும், வெடிக்காது. மாரியில் வெள்ளம் வந்து முகத்துவாரம் வெட்டியபின் வாவித் தண்ணீர் உப்புக் குறைந்து கிடக்கும் நாட்களில் குற்றியைச் சேற்றில் தாழ்த்தி வைப்பதும் உண்டு. கோடையில் வைத்தால் உவர்த் தண்ணீர்ப் புழு துளைத்துவிடும். சாணியைத் தட்டிவிட்டு அவர் முதலில் தேடியது மரத்தின் நடுத்தண்டை. நடுத்தண்டு உருவத்துக்குள் இருந்தால் பிற்காலத்தில் முகத்தை இரண்டாகப் பிளக்கும். ஆகவே குற்றியை நீளவாக்கில் பிளந்து, நடுத்தண்டை முதுகுப்பக்கம் ஒதுக்கி, வெளிறு முழுவதையும் வாச்சியால் செதுக்கித் தள்ளினார். வெளிறு கறையானுக்கு, வைரம் மட்டும்தான் எங்களுக்கு.

அடுத்தது அளவு. கரிநூல் அடித்து மரத்தை நாலு பங்காக்கினார். மேற்பங்கு முழுவதும் தலை. சிற்பநூற் கணக்கில் முக நீளம் ஒரு தாலம். தெய்வங்களுக்கு ஒன்பது தாலம், பத்துத் தாலம் என்று போகும்; பிள்ளையாருக்கு ஐந்து; பூதத்துக்கு நாலு. தலை அவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் பூதம் பார்த்த உடனே மனதில் நிற்கிறது. மாமா நூல் படித்தவரல்ல. ஆனால் அந்த நாலு பங்கில் நூலளவு மாறினாலும் அவர் முகம் மாறும்.

வாச்சியால் பெரிய ஒழுங்குகள், பிறகு அகல உளி, பிறகு குழி உளி, கடைசியில் நக உளி. கொட்டாப்புளி புளியமரத்தில் செய்தது. முதிரையில் நார் ஒரு பக்கம் ஓடி மறுபக்கம் திரும்பும். நாரை எதிர்த்து உளி வைத்தால் செதில் பெயர்ந்து வந்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் முன் அவர் பெருவிரலால் மரத்தைத் தடவிப் பார்ப்பார். எனக்கு வேலை சாணைக்கல்லில் உளி தீட்டுவது. வைரமரம் உளியின் வாயை விரைவில் மழுங்கடிக்கும், ஓர் உளி வேலை செய்ய இன்னோர் உளி சாணையில் இருக்கும். "வைரத்தில பிழை விட்டா ஒட்டு வைக்கேலாது, மனே. பலாவில விட்டா அரக்கை வச்சு மறைக்கலாம்" என்பார். அதனால் வயிற்றையும் முழங்காலையும் முதலில் முடித்து, வாயைத் திறந்து, பல்லைப் பிரித்து, கண்ணை ஒரு மொட்டைப் புடைப்பாக அப்படியே விட்டுவைத்தார்.

மெருகேற்றும் வேலைதான் என் நினைவில் ஆழமாக இருப்பது. கடதாசி அரம் கடையில் கிடைத்த காலம்தான் அது, அவர் வாங்கவில்லை. நன்றாகத் தீட்டிய உளியால் சீவிய முகம் தானாகவே பளபளக்கும், அதை உரஞ்சிக் கெடுக்கக்கூடாது என்பது அவர் கட்சி. எட்டாத மடிப்புகளுக்கு மட்டும் பிராய் இலை. பிராய் இலையின் மேற்பரப்பு சொரசொரப்பு; காயவைத்து, சற்று நனைத்து, விரலில் சுற்றி உரஞ்சினால் மரம் வழுக்கும். நாட்டின் பல பக்கங்களிலும் தச்சரும் தந்தவேலைக்காரரும் இந்த இலையைத்தான் பாவித்தார்கள். அதன்பிறகு சங்கின் முதுகால் அழுத்தித் தேய்ப்பு. பிறகு இலுப்பெண்ணெயைச் சூடாக்கித் துணியில் தொட்டுப் பூசி வெயில் படாத இடத்தில் வைப்பார், மரம் குடித்ததும் திரும்பப் பூசுவார். கடைசியில் தேன்மெழுகு. மஞ்சளாக இருந்த மரம் தேன் நிறத்துக்கு இறங்கி, சாய்த்துப் பார்த்தால் உள்ளே அலை ஓடுவது தெரியும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் கண். மூலவருக்குக் கண் திறப்பதற்குச் சடங்கு உண்டு. பொன்னூசி, தேன், நெய், கண்ணாடி, பசுவும் கன்றும். சிங்கள விகாரைகளில் நடக்கும் கண் திறப்பை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விவரித்திருக்கிறார். தேர்ப்பூதத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் மாமா அன்றைக்கு மட்டும் குளித்து, திருநீறு பூசி, ஒருவரோடும் பேசாமல் அந்த இரண்டு புடைப்பையும் கண்ணாக்கினார்.

பின்னாளில் படிப்பிப்பதற்காகக் கலைப் புத்தகங்களைப் புரட்டியபோது பசிபிக் தீவுகளின் 'டிக்கி' உருவங்களைக் கண்டு அதிர்ந்து போனேன். மார்க்கேசஸ் தீவுகளில் மூதாதையரைக் குறிக்கும் அந்த உருவத்துக்கும் மடிந்த முழங்கால், வயிற்றில் கை, உடலை மீறிய தலை, வட்டப் பெருங்கண். எங்கள் பூதத்துக்கும் அதற்கும் உறவு உண்டு என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. உறவு மரத்தில் இருக்கிறது. மார்க்கேசஸ் சிற்பிகள் டிக்கி செதுக்கும் மரங்களில் ஒன்று எங்கள் வாவிக்கரை வேலிகளில் நிற்கும் பூவரசு. இன்னொன்று கல்லடிக் கடற்கரையில் காற்றுக்கு நிற்கும் சவுக்கு. ஈஸ்டர் தீவின், இன்றுவரை எவராலும் வாசிக்கப்படாத எழுத்துப் பலகைகளிலும் பூவரசம் பலகைகள் உண்டு. கடலில் மிதந்தாலும் உயிர் கெடாத விதை பூவரசுக்கு. அந்த மக்கள் இரும்பைக் காணுமுன் கல் வாச்சியால் வெட்டி, பவளக்கல்லாலும் சுறாத்தோலாலும் உரஞ்சி மெருகேற்றினார்கள். எங்களுக்குப் பிராய் இலை, அவர்களுக்குச் சுறாத்தோல்.

அவர்களுடைய மரங்களுக்கு நடந்தது எங்களுடையதைவிடக் கொடுமை. ஹவாயில் 1819இல் பழைய விலக்குகளை அரசகுடும்பமே கைவிட்டபோது கோயில் உருவங்களைக் குவித்து எரித்தார்கள். ருருட்டு தீவின் மக்கள் 1821இல் தங்கள் 'ஆஆ' என்ற தெய்வத்தை இலண்டன் மிஷனரிமாரிடம் ஒப்படைத்தார்கள். உடலெங்கும் சின்னச் சின்ன மனித உருவங்கள் முளைத்திருக்கும் அந்தச் சிலை இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில். அது தப்பியது. தப்பியதனால்தான் உலகம் அந்தத் தீவின் பெயரை அறிகிறது. எங்கள் தீவிலேயே எம்பெக்கையில் 14ஆம் நூற்றாண்டுக் கம்பளை அரசர்காலத்து மரத்தூண்கள் நிற்கின்றன, பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகிறோம். கிழக்கின் உவர்க்காற்றிலும் கறையானிலும் அவ்வளவு பழைய மரம் நிலைக்காது. இங்கே நிலைத்தது மரமல்ல, அதைத் திரும்பத் திரும்பச் செய்யும் கை.

அந்தக் கை தெய்வ உருவத்தோடு நிற்கவில்லை. கண்ணகி அம்மன் கோயில்களை ஒட்டி விளையாடிய கொம்புமுறியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் இரண்டாகப் பிரியும்: வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். விடத்தல் போன்ற வைரமரத்தின் வளைந்த வேரையோ கவரையோ எடுத்து, கொக்கி வடிவாகச் செதுக்கி, இரண்டு பக்கக் கொம்புகளையும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டி, வடம் கட்டி இழுப்பார்கள். ஒன்று முறியும்வரை இழுவை. மழை வேண்டியும் அம்மை நோய் நீங்க வேண்டியும் ஆடியது. எந்த மரம், எந்த வளைவு, நார் எங்கே திரும்புகிறது என்று அறிந்த கை ஊருக்கு வெற்றி கொடுத்தது. தேற்றாத்தீவில் கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. விளையாட்டு அருகிப்போனாலும் சந்தி அந்தப் பெயரைச் சுமக்கிறது. சிங்கள ஊர்களிலும் பத்தினி தெய்வத்துக்கு அங்கெலிய என்று இதே விளையாட்டு உண்டு, அங்கேயும் இதே விடத்தல் வேர்தான். வடமோடிக் கூத்தில் அரசன் தலையில் ஏறும் பாரமான முடிக்கும் மரவேலைக்காரன் கைதான் வேண்டியிருந்தது. பேராசிரியர் சி. மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து எழுதியதால் கூத்துக்கு ஓர் எழுத்துச் சான்று கிடைத்தது. ஆசாரிக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை.

இப்போது நடப்பதைப் பார்க்க எனக்குக் கோபம் வருகிறது. போர்க்காலத்தில் பட்டறைகள் மூடின, காட்டுக்குள் போவது உயிருக்கு ஆபத்தாயிற்று, பழகிய கைகள் பல வெளிநாடு போயின. 2004 சுனாமியில் கரையோரக் கோயில்கள் இழந்தவை வேறு. இவற்றை எவராலும் தடுத்திருக்க முடியாது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் எனாமல் பெயின்றை எங்கள் கையால்தானே பூசுகிறோம்? கும்பாபிஷேகம் வந்தால் தேருக்கும் வாகனத்துக்கும் புதுப் பெயின்ற் என்பது சட்டம் போலாகிவிட்டது. நீலம், ரோஸ், வெள்ளி. ஒரு பூச்சுக்கு மேல் இன்னொரு பூச்சு ஏற, நக உளியால் பிரித்த பல்லெல்லாம் ஒன்றாக ஒட்டிப் பலகையாகிறது, கண்ணின் விளிம்பு மறைகிறது. ஓர் ஊரில் நான் பூதப்பார் பார்க்கப் போனேன்; பூதத்தின் வாய் பெயின்றில் அடைபட்டு மூடியிருந்தது. மாமாவுடைய வேலைதான் அது, நாக்கு நீட்டிய பூதம். இன்னும் சில இடங்களில் பழைய மர உருவங்களைக் கழற்றி வீசிவிட்டுக் கண்ணாடிநாரில் வார்த்த பொம்மைகளைப் பூட்டுகிறார்கள். இலகு, மலிவு, கறையான் அரிக்காது என்கிறார்கள். மூன்றும் உண்மை. அந்தப் பொம்மைகள் எல்லாம் ஒரே அச்சில் வந்தவை என்பதும் உண்மை.

கோயில் வண்ணக்கர்மாரிடம் நான் பேசிவருகிறேன். சிலர் கேட்கிறார்கள். தேர் திருத்தும்போது கழற்றும் மரத்துண்டை விறகாக்காமல், கடலில் போடாமல், கோயில் களஞ்சியத்தில் காற்றுப் படும்படி வைக்கச் சொல்கிறேன். கூடவே ஓர் அட்டை: என்ன மரம், எந்தத் தட்டில் இருந்தது, யார் செதுக்கியது, எந்த ஆண்டில். கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் சிற்பமும் சித்திரமும் படிக்கும் பிள்ளைகள் ஊர் ஊராகப் போய் இந்த அட்டைகளை எழுதலாம். செதுக்கியவர்களில் வயதானவர்கள் சிலர் இன்னும் இருக்கும்போதே கேட்டு எழுதலாம். மரத்தை அடையாளம் காணத் தெரியாவிட்டால் அடிப்பக்கத்தைப் புரட்டுங்கள். பெயின்ற்காரர் அங்கே தூரிகை வைப்பதில்லை. வாச்சி விழுந்த தடமும் மரத்தின் சொந்த நிறமும் அங்கேதான் மிச்சம். முதிரை என்றால் மஞ்சள், பாலை என்றால் கருஞ்சிவப்பு, தேக்கு என்றால் மண்நிறம். பெயின்ற் வாளியைத் திறப்பதற்கு முன் அதை ஒரு படம் எடுத்து வையுங்கள்.